ஏலக்காவின் விலை

அந்தக் காகித ஆலையில் அவளுக்குப் பெயர் ஏலக்கா. ஏலம் நடத்துகிற அக்கா என்பதை ஸ்டோரில் யாரோ சுருக்கிவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். "மணக்குதா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதோடு கேலி தீர்ந்தது, பெயர் நின்றுவிட்டது.

அவளைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. புகழ்ச்சி மலிவான சரக்கு. சம்பளம் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் அதை அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். "நம்ம ஏலக்கா இல்லேன்னா இந்த யூனிட்டே இல்லை" என்று ஆண்டுவிழாக்களில் மேலாளர் சொல்லியிருக்கிறார், சொன்ன கையோடு ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்திருக்கிறார். அவள் வீட்டில் அப்படி மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு நேரம் காட்டும்.

அவள் பார்த்த வேலைக்கு மின்னணுக் கொள்முதல் என்று பெயர். ஆலைக்கு வேண்டிய பேரிங், கையுறை, ரசாயனம், ரப்பர் உருளை எல்லாவற்றையும் இணையதளம் வழியாக வாங்குவது. முன்பெல்லாம் கடைக்காரர்கள் ஒட்டிய உறையில் விலை எழுதிக் கொண்டுவந்து பெட்டியில் போடுவார்கள். ஒருநாள் கம்பெனி ஒரு தளத்தை விலைக்கு வாங்கியது. கற்றுக்கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆளுக்கு ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஸ்டோரில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அவளைக் கூப்பிட்டு, "பாத்துக்கோங்க" என்றார்கள். அவள் பார்த்துக்கொண்டாள். பிறவி மேதை ஒன்றும் இல்லை. இரண்டு விரலால்தான் தட்டுவாள், திட்டு வாங்கித்தான் கற்றாள். ஆனால் ஒரு வேலையைத் திட்டு வாங்கிக் கற்றவர்கள் அதைக் கடைசிவரை மறப்பதில்லை.

அந்தத் தளத்தில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இறங்கு ஏலம். சாதாரண ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். ஆலை ஓர் ஆரம்ப விலை போடும். விற்கிறவர்கள் அவரவர் கடையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிவதெல்லாம் இந்த நிமிடத்தின் குறைந்த விலை மட்டுமே, அதைச் சொன்னவர் யார் என்பது தெரியாது. சரக்கு விற்க வேண்டுமானால் அதற்கும் கீழே போக வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது குறைத்தால் இன்னும் ஐந்து நிமிடம் தானாக நீளும். ஆக, யாரோ ஒருவருக்கு மூச்சு முட்டும்வரை அது முடியாது.

பேரிங் கடைக்காரர் இதை வெறுத்தார். தோற்றால் கோபம் வரும், ஜெயித்தால் இன்னும் கோபம் வரும். சரக்கை இறக்கிவிட்டு அவள் மேசைக்கு வந்து நிற்பார்.

"நீ பாட்டுக்கு காத்தாடிக்குக் கீழ உக்காந்திருக்க. என் ரத்தம் அந்தத் திரையில இறங்குது."

"நான் எங்கண்ணே இறக்குறேன்? நீங்கதான் இறக்குறீங்க. யாரு உங்க கையைப் பிடிச்சு இழுத்தா?"

"பக்கத்துல நிக்கிறவன் யாருன்னு தெரியாம எப்படிம்மா நிக்கிறது? இருட்டுல அடிச்சிக்கச் சொல்ற மாதிரி இருக்கு."

"விருப்பம் இருந்தா விளையாடுங்க. இல்லேன்னா விட்டுடுங்க."

அவள் அதைக் கல்நெஞ்சோடு சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். விலை என்பது சரக்குக்குள்ளேயே எங்கோ இருக்கிறது, ஏலம் அதை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். நன்றாகப் படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டு பேரில் யாருக்கு பயம் அதிகம் என்பதற்கும் விலை என்றுதான் பெயர் என்பது, பயப்படுகிற இடத்தில் போய் உட்காரும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

அவளுடைய தங்கை தலைநகரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் இதே வேலை பார்த்தாள். அதே தளம், அதே பொத்தான்கள். ஒருத்தி மாட்டிக்கொண்டால் இன்னொருத்தியை போனில் கூப்பிடுவாள். அப்படி ஒரு கூப்பிடலில் பேச்சு சம்பளத்துக்குப் போனது.

"கைக்கு எவ்வளவுடி வருது?"

"வேணாம்க்கா. அப்புறம் ரெண்டு நாள் பேசமாட்ட."

"சொல்லுடி."

"ஐம்பத்திரண்டு."

ஏலக்காவுக்குப் பதினெட்டாயிரம். தங்கையே தொடர்ந்தாள். "இங்க வாடகை தெரியுமாக்கா உனக்கு? புறாக்கூண்டு மாதிரி ஒரு வீடு. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்."

"நான் வாடகையைக் கேக்கல. உன் கம்பெனி வேலைக்குச் சம்பளம் தருதா, வீட்டுக்குத் தருதா?"

"ரெண்டுக்கும்னு வெச்சுக்கோயேன்."

"சரி. எனக்கு வேலைக்கு மட்டுமாவது தரச் சொல்லு."

தலைநகரத்துக்குப் போய்விடலாமே என்று சொல்வது எளிது. அவளுடைய கணவர் லேத் பட்டறை வைத்திருந்தார். லேத் இயந்திரம் தரையில் கான்கிரீட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அதைப் பெயர்க்கலாம். அந்தத் தெருவில் அவரைத் தேடிவரும் டிராக்டர்காரர்களையும் மில்காரர்களையும் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. மகளுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பட்டறை வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. வீடு நின்றது அவள் சம்பளத்தின் மேல்.

அவள் மேலாளரிடம் போனாள். அவரை வில்லனாக நினைத்துவிட வேண்டாம். எல்லோரையும் வாங்க போங்க என்பார், பிறந்தநாளுக்கு மறக்காமல் வாழ்த்துச் சொல்வார். அவர் ஒரு தடித்த அறிக்கையை எடுத்துப் பிரித்துக் காட்டினார். எந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு தேவை, எவ்வளவு சம்பளம் என்று ஒரு நிறுவனம் வருடாவருடம் கணக்கெடுத்து விற்கிற அறிக்கை. இந்த வட்டாரத்துக்கு நேராக, மின்னணுக் கொள்முதல் என்ற வரியில், தேவை 'குறைவு' என்றும் சம்பளம் பதினெட்டாயிரம் என்றும் இருந்தது.

"பாருங்கம்மா. இது நான் போட்ட ரேட் இல்லை, மார்க்கெட் ரேட். நாம கரெக்டா அதைத்தான் குடுக்கறோம்."

அவள் அந்த வரியைப் படித்தாள். கீழே பொடி எழுத்தில், மூன்று பேரிடம் கேட்டது என்று போட்டிருந்தது. அந்த மூன்று பேரையும் அவளுக்குத் தெரியும். முதல் ஆள் அவளே. போன வருடம் அந்த அறிக்கை நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, அக்கா அக்கா என்று குழைந்து கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தாள். மற்ற இருவர் சர்க்கரை ஆலையிலும் சிமெண்ட் ஆலையிலும் இருந்தார்கள். அந்த ஆலைகளில் ஆள் எடுத்தபோது, எவ்வளவு கொடுக்கலாம் என்று காகித ஆலையைத்தான் கேட்டார்கள். கேட்டு, அதையே கொடுத்தார்கள்.

"சார், இந்த மார்க்கெட்ல யாரு இருக்கா? நான் ஒருத்திதான் இருக்கேன். நீங்க எனக்குக் குடுக்கறதைத்தான் நான் சொன்னேன். நான் சொன்னதைக் காட்டி நீங்க எனக்குக் குடுக்கறீங்க."

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அப்ப நீங்களே ஒத்துக்கிட்ட ரேட்தானே?" என்றார்.

யார் மேலும் கோபப்பட இடமில்லாமல் ஓர் அநியாயத்தைச் செய்வது எப்படி என்று இந்தக் காலம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மேலாளர் அறிக்கையைக் கைகாட்டுவார். அறிக்கை வட்டாரத்தைக் கைகாட்டும். வட்டாரம் என்று கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே இவள் உட்கார்ந்திருப்பாள். தேவை குறைவு என்று எழுதியவர்கள், ஒரு நாள் அவள் விடுப்பு எடுத்தால் ஆலைக்கு ஒரு போல்ட் கூட வாங்க முடியாது என்பதைத் தேவையில் சேர்க்கவில்லை. தேவை என்று அவர்கள் எண்ணியது காலி நாற்காலிகளை. உட்கார்ந்திருக்கிறவள் கணக்கில் வரமாட்டாள்.

அதற்கடுத்த வருடம்தான் தலைமை அலுவலகம் அந்த முடிவை எடுத்தது. சின்ன யூனிட்களில் இந்தப் பதவி இனிமேல் கம்பெனியின் நேரடி வேலை அல்ல, ஆள் சப்ளை செய்கிற கான்ட்ராக்டர் மூலமாக ஆள் எடுக்க வேண்டும். அவளுடைய ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம். கான்ட்ராக்டரை எப்படித் தேர்வு செய்வது என்பதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். இறங்கு ஏலம்.

அந்த ஏலத்தைத் தளத்தில் ஏற்ற வேண்டியவள் அவள். அந்த யூனிட்டில் அதற்கு அதிகாரம் பெற்ற மின்னணுக் கையெழுத்து அவளுடையது மட்டுமே. விரல் நீளச் சாவி ஒன்று. கணினியில் செருகி ரகசிய எண்ணைப் போட்டால்தான் எதுவும் வெளியாகும். மேலாளர் ஏலப் பத்திரத்தை அனுப்பிவிட்டு, கூச்சத்தோடு அவள் மேசைவரை வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மேல சொன்னது. யார் ஜெயிச்சாலும் உங்களைத்தான் எடுத்துக்கணும்னு நான் வாய்வார்த்தையா சொல்லி வைக்கறேன்."

அவள் பத்திரத்தைப் படித்தாள். சரக்கின் பெயர்: மின்னணுக் கொள்முதல் ஆபரேட்டர். எண்ணிக்கை: ஒன்று. ஆரம்ப விலை: மாதம் பதினெட்டாயிரம், கான்ட்ராக்டரின் லாபம் உட்பட. அதற்குக் கீழே இருந்த நிபந்தனைகள் எங்கேயோ படித்த மாதிரி இருந்தன. மூன்றாவது வரியில் புரிந்துவிட்டது. போன மாதம் கேன்டீனுக்கு நாற்காலி வாங்கியபோது போட்ட பத்திரத்தையே மேலாளர் நகலெடுத்து, மேலே சரக்கின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். கொள்முதல்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலை இது, அவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறும் இதுதான். புதிதாக எழுதச் சோம்பல். பழையதைத் திறந்து, தலையை மாற்றி, உடலை விட்டுவிடுவார்கள். போக்குவரத்தும் இறக்குக் கூலியும் விலையில் அடங்கும் என்று இருந்தது. நூற்றிருபது கிலோ எடை தாங்க வேண்டும் என்று இருந்தது. ஏழாவது நிபந்தனை: சப்ளை செய்யும் சரக்கு புத்தம் புதியதாக இருக்க வேண்டும், முன்பு பயன்படுத்தியதாக இருக்கக் கூடாது, மீறினால் சரக்கு திருப்பி அனுப்பப்படும்.

"சார், இது நாற்காலிப் பத்திரம்."

"என்னது?"

"நிபந்தனை எல்லாம் நாற்காலிக்குப் போட்டது. மாத்திக் குடுங்க, ஏத்தறேன்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நிபந்தனையெல்லாம் யாரும்மா படிக்கிறா? இன்னிக்கே வெளியாகணும்னு சொல்லிட்டாங்க. அப்படியே ஏத்துங்க."

"வெளியானதுக்கு அப்புறம் மாத்த முடியாது சார். திருத்தம் போடறதா இருந்தா ஏலத்துக்கு முன்னாடியே போடணும்."

"பாத்துக்கலாம், ஏத்துங்க."

அவர் சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாமல், அவள் ஏற்றினாள். இரண்டு விரலால் ரகசிய எண்ணைப் போட்டாள்.

அன்று சாயங்காலம் பட்டறையில் கணவர் கையில் கிரீஸோடு கேட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் குதர்க்கமாகப் பேசுவார்.

"நூத்தி இருபது கிலோவா? இந்த வீட்டையே தாங்கறே. அது பரவாயில்லை, தேறிடுவே."

"விளையாடாதீங்க."

"சரி. அடுக்கி வைக்கிற மாதிரி இருக்கணும்னு போட்டிருக்கா?"

"அதை எடுத்துட்டார்."

"அந்த மட்டுக்கும் கருணை." அவர் துணியில் கையைத் துடைத்தார். "குறைச்சுக் குடுத்தா போவியா?"

"தெரியல. வேற எங்க போறது? இந்த ஊர்ல எனக்கு வேற எந்த ஆபீஸ் இருக்கு?"

"போகாதேன்னு நான் சொல்லமாட்டேன். சொல்ற நிலைமையில பட்டறை இல்லை. ஆனா போனா, தினமும் சாயங்காலம் எந்த முகத்தோட வருவேன்னு யோசிச்சுக்கோ. அந்த முகத்தோட நாங்களும் இருக்கணும்."

அவளுக்கு அவர் மேலும் கோபம் வந்தது. முடிவைத் தன் தலையிலேயே வைத்துவிட்டாரே என்று.

ஏலத்தன்று பேரிங் கடைக்காரர் ஒரு பேரிங் பொட்டலத்தோடு வந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் அவருடைய சரக்கு ஒன்றை ஆலை திருப்பி அனுப்பியிருந்தது. பேரிங் நல்ல பேரிங். வழியில் பெட்டியைப் பிரித்துச் சரிபார்த்திருந்தார், அவ்வளவுதான். "புத்தம் புதியதுன்னா புத்தம் புதியது. பெட்டி பிரிச்சா அது பழசு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். திருப்பி அனுப்பும் கடிதத்தை அடித்தது ஏலக்காதான். அந்தக் கோபத்தோடு வந்தவர், திரை ஓடுவதைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு தலை உருளுது?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து சரக்கின் பெயரைப் படித்தார். எண்ணிக்கை ஒன்று என்பதையும் படித்தார். பொட்டலத்தை மேசைமேல் வைத்தார், திரும்பிப் போகவில்லை.

மூன்று கான்ட்ராக்டர்கள் ஆடினார்கள். பதினெட்டு பதினேழானது. பதினேழு சட்டென்று பதினைந்தானது. சிறிது நேரம் நின்றது. கடைசி ஐந்து நிமிடம் வந்ததும் யாரோ இருநூறு குறைத்தார்கள், ஐந்து நிமிடம் நீண்டது. இன்னொருவர் இருநூறு. மறுபடி நீண்டது. மகளின் மாதாந்தர பஸ் பாஸ் போயிற்று. பால் கணக்கு போயிற்று. மின்கட்டணம் பாதி போயிற்று. அவளுக்கு எண்களாகத் தெரியவில்லை, வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாக யாரோ வெளியே எடுத்துவைப்பது போலத் தெரிந்தது. எடுப்பது யார் என்று பார்க்க முடியாது. தளம் பெயரைக் காட்டாது.

"பாக்காதம்மா. எழுந்து போய் தண்ணி குடி" என்றார் பேரிங் கடைக்காரர்.

"நான் எழுந்தா ஏலம் நிக்காதுண்ணே."

"நிக்காதுதான். நீ ஏன் அதைக் காவல் காக்கணும்?"

"விருப்பம் இருந்தா விளையாடுங்கன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

அவர் இதற்குப் பதில் சொல்லியிருக்கலாம், சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. சொல்லவில்லை. அது பெருந்தன்மையா, அல்லது அந்த நேரத்தில் வார்த்தை வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. பதினோராயிரத்தில் ஒருவருக்கு மூச்சு முட்டியது. பத்தாயிரத்து எண்ணூறில் ஏலம் முடிந்தது. தளம் தானாகவே ஒப்பந்தக் கடிதத்தை, எல்லா நிபந்தனைகளோடும், ஜெயித்தவருக்கு அனுப்பியது.

மறுநாள் காலையிலேயே அந்தக் கான்ட்ராக்டர் போன் செய்தார். வாட்ச்மேன், துப்புரவு ஆள் எல்லாம் சப்ளை செய்கிறவர். குரலில் கல்யாண வீட்டுக்காரரின் உற்சாகம்.

"வாழ்த்துகள்மா. உங்க வேலை பத்திரமா இருக்கு."

"என்ன சம்பளம்?"

"எனக்கு ஒரு பங்கு போக ஒன்பது கையில வரும். சீட் அதே சீட். கம்ப்யூட்டர் அதே கம்ப்யூட்டர். ஒண்ணும் மாறாது, என்கிட்ட வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"நான் வரலேன்னா?"

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க. உங்களை நம்பித்தான் நான் அவ்வளவு இறங்கினேன். இந்த வட்டாரத்துல உங்களை விட்டா ஆள் யாரு?"

ஆள் இல்லாததால்தான் விலை ஏற வேண்டும். இந்த ஊரிலோ, ஆள் இல்லாததை நம்பித்தான் விலையை இறக்கியிருக்கிறார்கள். போக்கிடம் இல்லாதவளின் அருமைக்கு இதுதான் மரியாதை.

"ஏழாவது நிபந்தனையைப் படிங்க. படிச்சிட்டு ஆபீஸுக்கு வாங்க" என்று போனை வைத்தாள்.

மத்தியானம் மேலாளர் அறையில் மூவரும் இருந்தார்கள். கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டேதான் வந்தார், பத்திரத்தைப் பார்த்த மேலாளர்தான் சிரிக்கவில்லை.

"என்னம்மா இது சின்னப்பிள்ளைத்தனமா? அது நாற்காலிக்குப் போட்ட நிபந்தனை."

"நாற்காலிக்குப் போட்டதுதான் சார். அன்னிக்கே சொன்னேன். யாரு படிக்கிறான்னு கேட்டீங்க. நான் படிச்சேன்."

"அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"இவர் சப்ளை பண்றது புதுச் சரக்கா இருக்கணும். இதே வேலைக்கு, இதே யூனிட்ல, பல வருஷம் பயன்படுத்தின சரக்கு நான். என்னைக் கொண்டாந்து உங்களுக்கே விக்க முடியாது. பேரிங் கடைக்காரர் பெட்டியைப் பிரிச்சதுக்கே திருப்பி அனுப்பினீங்க. என்னைப் பிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

கான்ட்ராக்டர் மேலாளரைப் பார்த்தார். "சார், புது ஆளுன்னா இந்த ரேட்டுக்கு நான் எங்க போவேன்? தலைநகரத்துலேர்ந்து கூட்டிட்டு வந்தா ஐம்பதுக்குக் குறைஞ்சு எவனும் பஸ் ஏறமாட்டான்."

அந்த அறையில் சொல்லப்பட்ட உண்மை அது ஒன்றுதான். சொன்னவருக்கே தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. மேலாளருக்குத் தெரிந்தது. அவர் சட்டென்று குரலை இறக்கினார்.

"சரி. தணிக்கையில கேள்வி வரும். இதை ரத்து பண்ணிடலாம். ஏழாவது நிபந்தனையை எடுத்துட்டு மறுபடி ஏத்துங்க. உங்களுக்கும் ஒரு ஆயிரம் கூடக் கிடைக்கற மாதிரி நான் சொல்லிப் பாக்கறேன்."

"என்னையே ஏத்தச் சொல்றீங்களா சார்?"

"வேற யாரு ஏத்துவா?"

அவள் தன் இடத்துக்குப் போனாள். கணினியிலிருந்து சாவியை உருவினாள். அது அவள் பெயரில் இருந்தது, அவள் கையெழுத்து, ஆலையின் சொத்து அல்ல. பையில் போட்டுக்கொண்டாள். தலைவலி மாத்திரை, சீப்பு, சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். மேலாளர் கதவுவரை வந்திருந்தார்.

"இது திமிர்ம்மா."

"ஆமா சார். இதுக்கு உங்க அறிக்கையில ரேட் போட்டிருக்கா?"

இதை வெற்றி என்று சொல்கிறவர்கள் அவள் வீட்டில் மாதக்கடைசியில் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் மீதி இருந்த இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. கணவரோடும் முட்டிக்கொண்டது. நீங்கள்தானே முகத்தைப் பற்றிச் சொன்னீர்கள் என்று ஒரு சண்டை, நான் போகாதே என்று சொன்னேனா என்று இன்னொரு சண்டை. தங்கை பணம் அனுப்பட்டுமா என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தவர் பேரிங் கடைக்காரர். பட்டறை வாசலில் நின்று, கணவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"எனக்கு இந்தத் தளமெல்லாம் ஒத்துவரலைங்க. தோக்கறதா இருந்தாலும் தெரிஞ்சு தோக்கணும். உங்க வீட்ல இருந்தா எனக்காக உக்காந்து ஏலத்தைப் பாக்க முடியுமான்னு கேக்கணும்."

"வீட்ல இருக்கறதைத்தான் பாக்கறீங்களே. கேளுங்க" என்றார் கணவர்.

அவள் உள்ளே இருந்தே கேட்டாள். "எவ்வளவு தருவீங்க?"

"நீ சொல்லு."

அவள் தன் விலையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது குரல் இறங்கியது என்று கணவர் பிறகு கேலி செய்தார். பேரிங் கடைக்காரர் பேரம் பேசினார். பேசாமல் இருக்க அவர் ஒன்றும் துறவி இல்லை. ஆனால் பேசியது நேருக்கு நேர், பெயர் தெரிந்த ஆளோடு. அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். லேத் பட்டறையின் முன்னறையில் ஒரு மேசை போட்டிருக்கிறாள். சில மாதம் பழைய பதினெட்டைத் தொடுகிறது. பல மாதம் தொடுவதில்லை. எங்கே இறங்காமல் நிற்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்கிறாள். அவர்கள் கேட்பதில்லை. இறங்குகிறார்கள்.

அவள் வேலையை ஆலை இப்போது எப்படிச் செய்கிறது என்று பேரிங் கடைக்காரர்தான் வந்து சொன்னார். "தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒரு தம்பி பண்றாராம். அங்க உக்காந்தபடியே. போன் பண்ணினா எடுக்கறதில்லை." தலைநகரத்துச் சம்பளத்துக்குத்தான் பண்ணுகிறார் என்று தங்கை விசாரித்துச் சொன்னாள். அதே ஆலை, அதே பேரிங், அதே கையுறை. ஆக, வேலை மலிவானது இல்லை. அதைச் செய்தவள் உட்கார்ந்திருந்த இடம்தான் மலிவு. நாற்காலியை நகர்த்தியதும் பணம் முளைத்துவிட்டது.

அந்த அறிக்கை இந்த வருடமும் வந்திருக்கும். அதற்கு முன்னால் அந்தப் பெண் வழக்கம்போல போன் செய்தாள். லேத் ஓடிக்கொண்டிருந்தது, ஏலக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? உங்க வட்டாரத்துல மின்னணுக் கொள்முதல் வேலைக்கு இப்ப என்னக்கா சம்பளம்?"

"இப்ப இங்க அந்த வேலையே இல்லைம்மா."

"அப்ப தேவை இல்லைன்னு போட்டுக்கட்டுமாக்கா?"

"போடாதே. ஆலை இருக்கு. ஏலம் நடக்குது. தேவை இருக்கு."

"அப்ப என்ன ரேட்னு எழுதட்டும்?"

"என்ன குடுக்கறாங்கன்னே வருஷாவருஷம் கேக்கறியே. எவ்வளவு குடுத்தா நான் வருவேன்னு ஒரு தடவை கேளேன்."

அந்தப் பக்கம் விசைப்பலகையில் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் வருத்தத்தோடு, உண்மையான வருத்தத்தோடுதான், சொன்னாள்.

"அதுக்குக் கட்டம் இல்லைக்கா."

"அப்போ கட்டம் போட்டுட்டுக் கூப்பிடு" என்று ஏலக்கா போனை வைத்தாள். பேரிங் கடைக்காரரின் ஏலத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, இன்றைக்கு எவ்வளவுவரை இறங்கலாம் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.